போர்டு மேலத்தெரு, சிப்பு கீழத்தெரு

எங்கள் ஊர்ப் பாசன சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்க மானியம் வந்தது. அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்த காலம் அது. டிவி வந்துவிட்டது, அதைப் பார்க்கக் கரண்ட்தான் வரவில்லை. காலையில் போகும், மத்தியானம் போகும், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் தவறாமல் போகும். அப்படிப்பட்ட ஊருக்குக் கம்ப்யூட்டர்.

ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. பல வருஷம் வந்து சேராது. அப்போது தாசில்தாருக்கு மனு, பொதுப்பணித் துறைக்கு மனு, கலெக்டருக்கு மனு என்று போகும். எங்கள் ஊரில் நெல்லுக்கு அடுத்தபடி விளைந்தது மனுதான். அதை அடிக்க ஒரு கம்ப்யூட்டர், அதை இயக்க ஒரு ஆள். அந்த ஆள் நான்தான் என்று பேச்சு.

ஊருக்கு அது பேச்சு. எனக்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது. பிளஸ் டூ முடித்து, டவுனில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அப்பா கூலி வேலை, சொந்தமாக ஒரு துண்டு நிலம். பொங்கலுக்குள் சங்க வேலை உறுதியானால் வீட்டில் இரு, இல்லாவிட்டால் அத்தையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பு என்று சொல்லிவிட்டார். அம்மா அதற்குள் ஒரு ரெக்சின் பை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டாள். நான் படுக்கிற இடத்துக்கு நேர் மேலே. கண்ணைத் திறந்தால் பை. அத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் முந்தின வருஷத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருமிக்கொண்டு வருவாள். எனக்கு அந்த இருமல் வேண்டாம். அவ்வளவுதான்.

சங்கத்தின் கமிட்டியில் பாதி மேலத்தெரு, பாதி கீழத்தெரு. மேலத்தெரு என்றால் பழைய மிராசுதார்கள். உச்சவரம்புச் சட்டத்தில் அவர்கள் நிலம் கொஞ்சம் போனது, போகவேண்டியதில் கொஞ்சம் மாடு மேய்க்கிறவன் பேரிலும் சமையல்காரன் பேரிலும் பத்திரமாகத் தங்கியது. கீழத்தெரு நாங்கள். தாத்தா காலத்தில் கூலி கூட்டிக் கேட்டதற்கு வெளியூர் ஆட்களை நடவுக்கு இறக்கினார்கள். அடிதடி, கேஸ், ஜெயில். பிறகு எங்களுக்கும் பட்டா வந்தது. ஆட்சி மாறி மாறி வந்தது. சண்டை தீர்ந்துவிட்டது என்று இரண்டு தெருவும் சொல்லும். பொய். அது ஒரு மூலையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் என்றதும் எழுந்துவிட்டது.

தலைவர் மேலத்தெருக்காரர். பேச்சில் தேன் ஒழுகும், காசு ஒழுகாது. செயலாளர் கீழத்தெரு, தொழிலாளர் சங்கத்து ஆள், சிவப்புத் துண்டு. எனக்குச் சித்தப்பா முறை. எந்தக் கூட்டத்திலும் முதலில் எதிர்த்துவிட்டுத்தான் விஷயம் என்னவென்று கேட்பார்.

டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணன் இரண்டு சிப்புகளைச் சொல்லியிருந்தார். இரண்டும் மானியத்துக்குள் அடங்கும். கம்ப்யூட்டருக்குள் வேலை பார்ப்பது சிப்புதான், மற்றதெல்லாம் அதற்கு வீடு, வாசல், வரப்பு. இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒன்றில் ஒரே மூளை, வேகம் அதிகம். இன்னொன்றில் இரண்டு மூளை, ஒவ்வொன்றும் கொஞ்சம் மெதுவு, விலை சற்றே கூட. இரண்டுமே அந்தந்தக் கம்பெனியின் அடிமட்டச் சரக்கு என்று அவரே சொன்னார். எது நமக்குக் கட்டும் என்று கமிட்டியில் நான் விளக்க வேண்டும். ஒருவருக்கும் விளங்கவில்லை. சரி, புரியட்டும் என்று நடவை இழுத்தேன். அதோடு கெட்டது.

"இது ஒத்தை ஆளுங்க. விறுவிறுன்னு நடும். அது ரெண்டு ஆளு. கொஞ்சம் நிதானமா நடும்" என்றேன்.

தலைவர் முகம் மலர்ந்தது. "ஒத்தை ஆளு போதுமேம்மா. ஒருத்தனுக்குச் சாப்பாடு போட்டாப் போதும்."

சித்தப்பா துண்டை உதறினார். "அதானே பார்த்தேன். ஒருத்தன வச்சு ரெண்டாளு வேலை வாங்குறது உங்க பரம்பரைப் பழக்கமாச்சே."

"ஏய்யா, சிப்புக்கு என்னய்யா பரம்பரை?"

"சிப்புக்கு இல்லைங்க. வாங்குறவங்களுக்கு இருக்கு."

மேலத்தெரு வரிசையிலிருந்து ஒருவர், "ரெண்டு ஆளுன்னா ஒருத்தன் நடுவான், இன்னொருத்தன் வரப்புல ஒக்காந்து பீடி குடிப்பான். நாங்க பார்க்காததா?" என்றார்.

"நடவுக்கு வராதவன் பீடிக் கணக்குப் பார்க்க மட்டும் வந்துருவான்" என்றார் சித்தப்பா.

பீடிக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. ஒரே வேலையைக் கொடுத்தால் இரண்டாவது மூளை சும்மாதான் கிடக்கும். அதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சித்தப்பா என்னைச் சாதிசனத்தை விட்டே தள்ளியிருப்பார்.

கடைசியில், எது நன்றாக வேலை பார்க்கிறது என்று நானே கடையில் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று முடிவானது. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் அண்ணன் இரண்டையும் இரண்டு பெட்டியில் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் சங்கத்து வேலையையே கொடுத்தேன். தண்ணீர் மனுவைத் தமிழில் அடித்தேன். கடைமடை வயல்களின் சர்வே நம்பரை அட்டவணையாகப் போட்டேன். ஒரே வேலையாகக் கொடுத்தபோது ஒத்தை ஆள் முந்தினான். ஆனால் முந்தினது கொட்டாவி விடும் நேரம் கூட இருக்காது. அதற்கு அவன் தலையில் இருந்த காற்றாடி அறுவடை மிஷின் மாதிரி இரைந்தது. பிறகு பின்னால் வைரஸ் தேடும் வேலையை ஓடவிட்டு முன்னால் மனு அடித்தேன். ஒத்தை ஆள் திணறிவிட்டான். நான் அடித்த எழுத்து எதுவும் திரையில் இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், மடை உடைந்த மாதிரி எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. ரெட்டை ஆள் சளைக்கவில்லை. ஒருத்தன் வைரஸ் பார்த்தான், ஒருத்தன் மனு பார்த்தான்.

கரண்ட் போனது. அப்போது இரண்டும் ஒரே வேகம்.

கமிட்டியில் வந்து உள்ளதைச் சொன்னேன். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ரெட்டை ஆளை வாங்குங்கள், மிச்சத்துக்கு ஒரு பேட்டரி வாங்குங்கள், அதுதான் கொடுக்கிற காசுக்கு வேலை என்றேன். அவர்களுக்கு அது காதில் ஏறவில்லை. நான் கீழத்தெருப் பெண், கீழத்தெரு சிப்பைத்தான் சொல்வேன் என்று மேலத்தெரு எழுந்தது. சிப்புக்குத் தெரு வந்துவிட்டது. பொங்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பைக்குள் அம்மா ஒரு போர்வையை மடித்து வைத்துவிட்டாள்.

அப்போதுதான் தலைவர் அந்த யோசனையைச் சொன்னார். "எதுக்கு வம்பு? பழைய வழக்கப்படி வாரத்துக்குப் போயிருவோம்."

வாரம் என்றால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நிலம் ஒருத்தருடையது, உழைப்பு ஒருத்தருடையது, விளைந்ததைப் பங்கு போடுவது. கம்ப்யூட்டரில் சிப்பு உட்காருகிற பலகைக்கு போர்டு என்று பெயர். போர்டுதான் நிலம், சிப்புதான் ஆள். ஆகவே மானியத்தில் ஒரு பாகத்தை எடுத்து மேலத்தெரு போர்டு வாங்கும், ஒரு பாகத்தில் கீழத்தெரு தனக்குப் பிடித்த சிப்பு வாங்கும். சித்தப்பா கூட மறுபேச்சுப் பேசவில்லை. பேச வராமல் இல்லை. வாரம் என்ற வார்த்தைக்கு எதிராக என்ன கோஷம் போடுவது என்று அவருக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வரவில்லை.

எனக்கும் அதில் கோளாறு தெரியவில்லை. நான் படித்த சென்டரில் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்போம். மூடியைக் கழற்றி ஒருநாளும் காட்டியதில்லை. கடையிலும் அண்ணன் மூடியோடுதான் வைத்தார். அதற்குத்தான் சான்றிதழ், முத்திரை எல்லாம்.

மேலத்தெரு ஒருநாள் போய் ஒத்தை ஆள் கம்பெனியின் போர்டை வாங்கி வந்தது. கீழத்தெரு இன்னொருநாள் போய் ரெட்டை ஆள் கம்பெனியின் சிப்பை வாங்கி வந்தது. அண்ணன் இரண்டு பேருக்கும் சிரித்த முகத்தோடு விற்றார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொருத்திக் கொடுக்க வண்டியில் வந்தார். கமிட்டி முழுக்கச் சுற்றி நின்றது. அட்டைப் பெட்டியைத் திறந்து போர்டை வெளியே எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

போர்டில் சிவப்பு பெயிண்டால் 'உபயம்: மேலத்தெரு' என்று எழுதியிருந்தது. கோவில் டியூப்லைட்டில் எழுதுகிற அதே எழுத்து. எழுதியதும் கோவிலுக்கு எழுதுகிற அதே பெயிண்டர்தான். பச்சைப் பலகையில் செப்புக் கோடுகள் மேல் குறுக்கே, அழகாக, நிழல் கொடுத்து எழுதியிருந்தார்.

"யாருங்க இது?" என்றார் அண்ணன்.

"ஏன், எழுத்துப் பிழை ஏதாச்சும் இருக்கா?" என்றார் தலைவர்.

அண்ணன் போர்டைக் கீழே வைத்துவிட்டுச் சிப்பை எடுத்தார். அது இன்னும் நன்றாக இருந்தது. அதன் அடியில் முள்ளு முள்ளாகக் கால்கள். போர்டில் அந்தக் கால்களை நுழைக்க ஒரு துளை கூட இல்லை. ஒத்தை ஆள் கம்பெனிக்குப் போர்டில்தான் முள் இருக்கும், சிப்பு வழவழவென்று இருக்கும். ரெட்டை ஆள் கம்பெனிக்குச் சிப்பில் முள் இருக்கும், போர்டில் துளை இருக்கும். இவனை அங்கே உட்கார வைக்க முடியாது. உட்கார வைத்தால் முள் மேல் முள்.

"இந்த நெலத்துல இந்த ஆளு எறங்க முடியாதுங்க" என்றார் அண்ணன். அவருக்கும் எங்கள் பாஷை ஒட்டிக்கொண்டது.

சித்தப்பா கொதித்துவிட்டார். "எறங்க முடியாதா? யாரு சொல்றது? எங்காளு எறங்கக் கூடாதுன்னு போர்டுல முள்ளு வச்சிருக்கானுங்களா?"

"யோவ், முள்ளு கம்பெனி வச்சதுய்யா" என்றார் தலைவர்.

"கம்பெனி யாரு ஆளு?"

நான் இடையில் புகுந்தேன். "கத்துறத நிறுத்துங்க. அண்ணே, ரெண்டுல ஒண்ண மாத்திக் குடுப்பீங்கல்ல?"

"சிப்ப மாத்தலாம் தங்கச்சி. போர்டத் திருப்பி எடுக்க முடியாது. உபயம் எழுதின போர்ட நான் யாருக்கு விப்பேன்? கோவிலுக்கா?"

ஆக, நிலம் அப்படியே இருக்கும், ஆளைத்தான் மாற்ற வேண்டும். எங்கள் ஊர் வரலாறு மொத்தமும் ஒரு உள்ளங்கை அளவுக்குள் வந்து நின்றது. எனக்கு ஆத்திரமாக வந்தது. மேலத்தெரு மேல் மட்டும் இல்லை. பாதிப் பாதி வாங்குவது பெரிய ராஜதந்திரம் என்று நினைத்த எல்லார் மேலும்.

மறுநாள் போர்டையும் சிப்பையும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். எடுத்துப் போக வேறு எதுவும் கிடைக்காமல் அந்தத் திருப்பூர்ப் பையில்தான் போட்டேன். போர்வைக்குள் சுற்றி. கடையில் அண்ணனிடம், "இந்த போர்டுல ஒக்கார்ற மாதிரி ரெண்டு ஆளு சிப்பே கெடையாதா?" என்று கேட்டேன்.

"இருக்கே. இதே கம்பெனில அடிமட்டத்துலயே ரெட்டை ஆளு இருக்கு. அதுவும் கிட்டத்தட்ட அந்த வெலதான்."

"அத மொதல்லயே ஏண்ணே சொல்லல?"

"நீ ரெண்டுல எது நல்லதுன்னு கேட்ட. மூணாவது இருக்கான்னு கேக்கலையே."

அண்ணனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டேன். எழுதுகிற வார்த்தைகள் இல்லை அவை. அவர் சிரித்துக்கொண்டே சிப்பை மாற்றிக் கொடுத்து, போர்டில் உட்கார வைத்து, ஓடவும் காட்டினார். வைரஸும் தேடியது, மனுவும் அடித்தது. சூடு ஏறியதும் பெயிண்ட் வாசனை வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் கடைசி வரை அந்த வாசனையோடுதான் வேலை பார்த்தது.

சங்க அறையில் கொண்டுவந்து வைத்தாயிற்று. நான் கடையில் சோதனைக்கு அடித்திருந்த சர்வே நம்பர் அட்டவணையையும் அதிலேயே ஏற்றினேன். நிலம் மேலத்தெரு, ஆள் இரண்டு பேர், ஒருவருக்கும் தோல்வி இல்லை. அது இரண்டு தெருவுக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் சண்டைக்கு இடம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த விஷயம் என் வேலை. அப்பா கதவருகே நின்றிருந்தார். அவருக்குத் தலைவர் எதிரில் உட்காருகிற பழக்கம் கடைசி வரை வரவில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "பாப்பாவுக்கு வேலை குடுக்கறதுல ஆட்சேபம் இல்ல. ஆனா உள்ளாற ரெண்டு பேரு வேலை பார்க்கிறாங்கன்னு பாப்பாவே சொல்லிருச்சு. அப்புறம் வெளியில ஒரு முழு ஆளு எதுக்கு? அரை நாள் வரட்டும், அரைச் சம்பளம் வாங்கிக்கட்டும்."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். கூலிக்காக ஜெயிலுக்குப் போன வம்சம். துண்டை உதறுவார் என்று காத்திருந்தேன். அவர் யோசித்துவிட்டு, "கணக்குப்படி சரியாத்தான் வருது" என்றார்.

எங்கள் ஊரில் இரண்டு தெருவும் ஒரே மனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அதுதான். கை தட்டினார்கள்.

"அப்ப உள்ளாற இருக்கற ரெண்டு பேரையே மனு எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அத்தை அந்த வருஷம் பொங்கலுக்கு வரவில்லை, உடம்புக்கு முடியாமல் திருப்பூரிலேயே இருந்தாள். நீ கிளம்பி வா என்று போன் செய்திருந்தாள். அப்பாவும் நானும் பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பயிர் பால் பிடிக்கிற பருவம். ஆற்றில் தண்ணீரை வேறு வாய்க்காலுக்கு முறை மாற்றிவிட்டிருந்தார்கள். வயல் வெடித்துக் கிடந்தது. அடுத்த நாள் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். அது எனக்குத் தெரியும். நான் வேண்டுமென்றே அதை நினைக்காமல் நின்றேன்.

முதலில் தலைவரின் மொபெட் வந்தது. பின்னாலேயே சித்தப்பாவின் சைக்கிள்.

"என்னம்மா இது, பையெல்லாம் தூக்கிட்டு" என்றார் தலைவர். "காலையிலேருந்து ஸ்விட்சப் போட்டுப் பார்க்கிறோம். வெளக்கு எரியுது, ஒண்ணும் வர மாட்டேங்குது."

"எந்த ஸ்விட்சு?"

"டிவி மாதிரி இருக்கே, அதுல."

திரையை மட்டும் போட்டிருக்கிறார்கள். கீழே இருந்த பெட்டிக்கு ஒரு ஸ்விட்ச் இருப்பது இரண்டு தெருவுக்கும் தெரியவில்லை.

"உள்ளாற இருக்கற ரெண்டு பேரு என்ன பண்றாங்க?" என்றேன்.

"தூங்குறானுங்க போலருக்கு" என்றார் சித்தப்பா. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

"மனுவ டவுன்ல போயி அடிச்சுக்க வேண்டியதுதானே."

"அந்த சர்வே நம்பரெல்லாம் இதுக்குள்ளாறதான் இருக்குன்னு நீதானம்மா சொன்ன. அதோட, சொந்தமா கம்ப்யூட்டர வச்சுக்கிட்டு வெளியில போயி அடிச்சா ஊருல சிரிப்பான்" என்றார் தலைவர்.

"ஏற்கெனவே சிரிக்கிறான்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்று, "ஏறுறீங்களா, இல்ல பஞ்சாயத்தா?" என்றார்.

"முழுச் சம்பளம்" என்றேன் தலைவரிடம். "முழு நாள் வருவேன். ஆனா சம்பளம் எனக்கு. உள்ளாற இருக்கறவனுக்கு இல்ல."

தலைவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தலைவரைப் பார்த்தார். யார் முதலில் சரி என்று சொல்வது என்பது அடுத்த சண்டை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். நான் ஒரு காலைப் படியில் வைத்தேன்.

"சரிங்கறேன்ல!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அப்பா பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வண்டி போகட்டுங்க" என்று கண்டக்டரிடம் சொன்னார். பஸ் எங்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது.

சங்க அறைக்குப் போய்ப் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டேன். பெயிண்ட் வாசனை வந்தது. அட்டவணையைத் திறந்தேன். மாண்புமிகு என்று அடித்தேன். கரண்ட் போனது. பேட்டரி வாங்கச் சொன்னேனே, அது கமிட்டியின் பரிசீலனையில் இருந்தது.

நான் ரெக்சின் பையைப் பிரித்து, உள்ளே இருந்த போர்வையைக் கம்ப்யூட்டர் மேல் தூசி விழாமல் போர்த்தினேன். தலைவர் ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், நடுவில் நான். புழுக்கம் தாங்கவில்லை. சித்தப்பா துண்டால் விசிறிக்கொண்டார். தலைவர் அந்தக் காற்று தன் பக்கமும் வரட்டும் என்று நாற்காலியை நகர்த்தினார்.

"எப்பம்மா வரும்?" என்றார்.

"தெரியாதுங்க."

"அந்த வேகமான சிப்ப வாங்கியிருந்தா இந்நேரம் முடிச்சிருக்கும்."

சித்தப்பா விசிறுவதை நிறுத்தினார். நான் எழுந்து கதவைச் சாத்தினேன், இவர்கள் அடித்துக்கொள்வதைத் தெரு பார்க்க வேண்டாம் என்று.